பொங்கல் வாழ்த்து, இப்போது கைப்பேசியில்

முன்பெல்லாம் மார்கழி பாதி கடந்ததும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பெரும்பாலும் சிவகாசி அச்சு. கரும்பு, பானை, ஜோடி மாடு ஒரு வரிசை, எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் இன்னொரு வரிசை. சிவாஜி ரசிகரான பெரிய மாமாவுக்கு அப்பா வேண்டுமென்றே எம்.ஜி.ஆர். அட்டை அனுப்புவார். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிவிட்டால் தபால் செலவு குறையும். அப்பாவுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

நான் அட்டை வாங்குவதை விட்டுவிட்டேன். வருத்தமெல்லாம் இல்லை. தை பிறந்து நாலைந்து நாள் கழித்துப் போய்ச் சேரும் வாழ்த்தால் யாருக்கு என்ன லாபம்? இங்கே பால் பொங்கும்போதே டொராண்டோவிலிருக்கும் தங்கைக்குப் படம் போய்விடுகிறது. அங்கே அப்போது போகி இரவு.

எரிச்சல் வேறு இடத்தில். மினுமினுக்கும் பானை, மூலையில் ஏதோ ஒரு நகைக்கடையின் பெயர். அதே படம் பத்துப் பேரிடமிருந்து வரும். 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. சித்தப்பா அசரவில்லை. காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தைந்தாக அனுப்புகிறார்.

நான் எங்கள் வாசல் கோலத்தைப் படமெடுத்து, பெயர் சொல்லி ஆளுக்கொரு வரி எழுதுகிறேன். அத்தைக்கு மட்டும் குரல் பதிவு. கண் சரியாகத் தெரிவதில்லை. பதிலுக்கு அவர் அனுப்பும் பதிவில் வாழ்த்து ஒரு வரிதான், மீதியெல்லாம் மருமகள் வைத்த பொங்கலில் நெய் போதவில்லை என்ற புகார்.