பின்பாட்டில் நின்று கற்ற கூத்து

நிகழ்கலை முதுகலையில் ஒரு மரபுக் கலையை அது வாழும் ஊருக்கே போய்க் கற்று வந்து ஆய்வேடு எழுத வேண்டும். நான் தெருக்கூத்தை எடுத்தேன். அடுத்த வருடம் இதையே எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் மாதக் கணக்குதான். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது, அதாவது பாரதக் கதை சொல்லிக் கூத்து ஆடும் திருவிழா, பெரும்பாலும் பங்குனி தொடங்கி ஆடி வரை. நமக்குச் செமஸ்டர் தேர்வு வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் பலர் கூத்து இல்லாத மாதங்களில் போய்க் கூத்து வாத்தியாரிடம் அடவும் நாலு பாட்டும் கற்றுத் திரும்பிவிடுகிறார்கள். அது போதவே போதாது என்பது என் எண்ணம். தேர்வு முடிந்த கையோடு, வைகாசியில், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், வந்தவாசி வழியாகச் செய்யாறு பக்கம் பஸ் ஏறினேன்.

ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, ஒரு பெண் இரவெல்லாம் ஊர் ஊராகப் போவதா என்று வீட்டில் தயங்கினார்கள். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர் உண்டு; 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அப்பா சம்மதித்தார். போன ஊர்களில் எல்லாம் கோயில் நாட்டாமைக்காரர் வீட்டுப் பெண்கள் எனக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியாரைப் பார்க்கப் போகும்போது வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு போங்கள்.

எடுத்தவுடன் வேஷம் கிடைக்காது. "வேஷமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல பின்பாட்டுல நில்லு" என்றார் வாத்தியார். வேஷக்காரர் பாடும் அடியை ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவி) வாசிப்பவர்களோடு பின்னால் நின்று வாங்கிப் பாட வேண்டும். திரை பிடிக்க ஆள் குறைந்தால் அதற்கும் ஓட வேண்டும். இரவு 10 மணி வாக்கில் களரி கட்டினால், அதாவது ஆடுகளத்தில் கூத்துத் தொடங்கினால், விடியும்வரை உட்கார நேரம் இருக்காது. இதைவிடச் சிறந்த வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. வேஷக்காரருக்கு எந்த இடத்தில் மூச்சு முடிகிறது, எந்த அடியை அவர் பாதியில் விட்டால் நாம் எடுக்க வேண்டும், வேடிக்கை பேசிக் கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் பேச்சை எவ்வளவு நேரம் வளர்த்தால் அடுத்த வேஷம் தயாராகும் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

குரல்தான் பெரும்பாடு. முகவீணை ஏறி நிற்கும் சுருதியில் பின்பாட்டுக்காரரும் ஏறி நிற்க வேண்டும். கல்லூரியில் செய்த மூச்சுப் பயிற்சி உதவியது, ஆனால் அந்த உயரத்தில் சொல் உடையாமல் வருவதற்குத் தனிப் பழக்கம் தேவைப்பட்டது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் திரௌபதி வேஷம் கட்டும் அண்ணன். மைக்கை மறந்துவிடச் சொன்னார். "கடைசியில பாய் போட்டுப் படுத்துக்கிட்டு இருக்கிற கெழவிக்குக் காதுல விழணும்." ஒரு பெண்ணாக நான் எப்படி அழுவேன் என்று அவர் கேட்கவே இல்லை. புலம்பலை எந்த எழுத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் தலையை அசைத்துக் கூந்தலைக் கலைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பல வருடம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்ட இழுப்பு அது. பெண் வேஷத்தை நான் ஓர் ஆணிடம் கற்றேன், அவர் பெண்களிடம் கற்றிருந்தார்.

திரௌபதியின் சேலையை உரியும் கதையான துகில் கூத்து நடந்த இரவை என்னால் மறக்க முடியாது. துச்சாதனன் கட்டியவர் அதுவரை களரி அதிர ஆடிக்கொண்டிருந்தார். சேலையில் கை வைக்கும் இடம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, அம்மனைக் கும்பிட்டு, இது வேஷம், என் தொழில், பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிப் பாடினார். கற்பூரம் ஏற்றினார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை எழுப்பி உட்கார வைத்தார்கள். பாத்திரத்திலிருந்து நடிகன் விலகி நிற்பதைப் பற்றி வகுப்பில் ஐரோப்பிய நாடகக் கோட்பாடுகளை வைத்து நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே ஒருவர் விலகி நின்றதால் ஊருக்குப் பயமும் பக்தியும் கூடியது. என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இதைப் பற்றியதுதான்.

இரவுக் கூத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார்; இரவில் ஆடப்போகும் கதைக்கு ஊர் அங்கேதான் தயாராகிறது. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரத் துணியோடு கீழே காத்திருப்பார்கள். துரியோதனன் விழும் படுகளத்தன்று வெட்டவெளியில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின் பக்கத்தில் பீமன், துரியோதனன் வேஷக்காரர்கள் மோதுவார்கள், தொடை உடையும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. இதில் நாடகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட நான் முயலவில்லை.

வாய்மொழித் தேர்வில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் களப்பணியை மே, ஜூனில் வைக்க வேண்டும், அதற்கு ஏற்ப ஆய்வேடு கொடுக்கும் தேதியைத் தள்ள வேண்டும் என்று எழுத்திலும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரப்போகும் மாணவர்களும் சேர்ந்து கேட்டால் நடக்கும். ஆடியில் அதே ஜமாவோடு மறுபடியும் போகிறேன். கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவியின் பாட்டுகளை வாத்தியார் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்.