பாஸ்போர்ட்டிலிருந்து மானியம் வரை: எங்கள் ஊர்க் கூட்டம் எருசலேம் போய் வந்த கதை

எருசலேம் போகும் பேச்சு எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சபையில்) பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஆரம்பிப்பார்கள், "குறுவை முடியட்டும்", "சம்பா அறுக்கட்டும்" என்று தள்ளிப்போய்விடும். கடைசியில் 2023 தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில்) போவது என்று முடிவானபோது, பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள். என் அம்மாவும் அதில் சேர்த்தி. பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்தே போய்வந்த தலைமுறை அது, ஆனால் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களே குறைவு. அம்மாவுக்குத் துணையாக நான் சேர்ந்தேன். விண்ணப்பம் நிரப்பத் தெரியும் என்பதால் எல்லோருடைய பேப்பர் வேலையும் என் தலையில் விழுந்தது.

பக்தி அனுபவத்தை என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் உண்டு. போக நினைத்துத் தயங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வேறு விஷயங்கள். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் தலைவலி பெயர். திருமுழுக்கு (ஞானஸ்நான) ஏட்டில் மரிய ஆரோக்கியம், ரேஷன் கார்டில் ஆரோக்கியமேரி, ஆதாரில் வெறும் ஆரோக்கியம். மூன்றும் ஒரே ஆள். பிறந்த தேதியும் அப்படித்தான், பாதிப் பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். எந்தப் பெயரில் பாஸ்போர்ட் வேண்டுமோ அந்தப் பெயருக்கு முதலில் ஆதாரை மாற்றி, அதையொட்டி பான் கார்டையும் வங்கிக் கணக்கையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனோம். இந்த வரிசையில் போனவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. விண்ணப்பக் கட்டணம் 1,500 ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்கு அதில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

அடுத்தது இனிஷியல். நம் ஆட்கள் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்போதுதான், 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்திருந்தது. நாங்கள் இறங்கப்போவது அங்கே இல்லை என்றாலும் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. புதிதாக எடுத்த எல்லோருக்கும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ போட்டுவிட்டோம். விமான டிக்கெட்டிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர்தான் வர வேண்டும்.

பத்தாவது தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்று குறித்தது) வருமே, ஜோர்டான் அந்தப் பட்டியலில் உள்ள நாடாயிற்றே, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொரு கவலை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும், வேலைக்குப் போனால்தான் குடியேற்ற அனுமதி தேவை. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் போதும்.

பணம். ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் என்று பேசினோம், ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றும் சேர்த்து. அதற்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், டிசிஎஸ் 5 சதவீதம். டிசிஎஸ் என்பது நம் பெயரில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். நெல் விற்றுப் பிழைக்கும் எங்கள் ஆட்கள் ரிட்டர்ன் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. பான் இல்லையென்றால் பிடித்தம் இன்னும் கூடும் என்பதால், எல்லோருக்கும் பான் எடுத்துவைத்தது நல்லதாகப் போயிற்று. (அந்த விகிதம் பிறகு மாறிவிட்டது, கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது தவணை கட்டும் நேரத்தில் வந்தது அந்த பிப்ரவரி மழை. பருவம் தப்பிப் பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்துவிட்டது. சில குடும்பங்கள் விலகிக்கொண்டன. டிராவல்ஸ்காரர் முன்பணத்தில் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. போனில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னவர், நேரில் போனால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் என்று டாலரில் தனியாக வசூலிப்பார்கள், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்த ஆள் அதை விமான நிலையத்தில்தான் சொன்னார்.

இனி முட்டி வலி. இதுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு மேடு ஏறிப் பழக்கமில்லை, கண்ணுக்கு எட்டிய வரை சமதரை. எருசலேமோ முழுக்க ஏற்ற இறக்கம், வழுவழுப்பான கல்படிகள். ஒலிவ மலையிலிருந்து கெத்சமனிக்கு இறங்கும் பாதை நல்ல சரிவு. இயேசு சிலுவை சுமந்து போன சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளில் ஒன்பது பழைய நகரத்துக் கடைத்தெருச் சந்துகளில், மீதி ஐந்து திருக்கல்லறைப் பேராலயத்துக்குள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி இருக்கும் மேல்தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. இதையெல்லாம் விசாரித்துக்கொண்டு, தினம் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கல்லணைக் கால்வாய்க் கரையில் எல்லோரையும் நடக்கவிட்டோம். நடை பழகியது சரி, படிக்கு எங்கே போவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துத் திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்விட்டோம். பாதிப் படி ஏறி உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டிகளைப் பார்த்து ஒருவர், "எந்த ஊர்லேர்ந்து பிள்ளையாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "எருசலேம் போறதுக்குப் பழகுறோம்" என்று அம்மா சொன்னதும் அவர் முழித்த முழி!

எங்கள் கூட்டம் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. இடம் நிரம்ப வேண்டுமே என்று தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள், தஞ்சாவூர் சிஎஸ்ஐ குடும்பங்கள், சில பெந்தெகொஸ்தே ஆட்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம். லுத்தரன்காரர்கள் 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் என்ற பெருமையோடு வந்தார்கள், கூடவே அவர்கள் ஐயரும், அதாவது போதகரும். எங்களுக்குத் திருக்கல்லறைப் பேராலயம்தான் இயேசுவை அடக்கம் செய்த இடம். அவர்களில் பலருக்கு, 19ஆம் நூற்றாண்டில் அடையாளம் காட்டப்பட்ட தோட்டக் கல்லறைதான் மனதுக்கு நெருக்கம். எதை விடுவது என்று புறப்படும் முன்பே பேச்சு முற்றியது. ஐயரும் எங்கள் பங்குத்தந்தையும் உட்கார்ந்து, இரண்டுக்கும் எல்லோரும் போவது என்று தீர்த்துவைத்தார்கள். தோட்டக் கல்லறையில் அவர்கள் திருவிருந்து எடுத்தார்கள். பேராலயங்களில் திருப்பலி (பூசை) வைக்கப் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் முன்பே நேரம் பதிய வேண்டும், பங்குத்தந்தையிடம் ஆயரின் (பிஷப்பின்) கடிதமும் இருக்க வேண்டும். திருக்கல்லறைப் பேராலயத்தின் சாவி தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னபோது ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் சண்டை அவருக்கு நினைவு வந்திருக்கும்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஜோர்டான் தலைநகர் அம்மான், அங்கிருந்து நெபோ மலை, பிறகு ஷேக் ஹுசைன் பாலத்தில் எல்லை தாண்டி இஸ்ரேல். எல்லையில் பொறுமை வேண்டும். பையை யார் அடுக்கியது, கூட வருகிறவர்களை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களை ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு அவசியம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் ஒரு சின்னச் சீட்டுத் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள்.

நாசரேத்துப் பேராலயத்தில் பல நாட்டு மாதா படங்கள் இருக்கின்றன. அதில் வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் நகர மறுத்துவிட்டார்கள். ஒலிவ மலையில் 'பரலோகத் தந்தை' ஆலயத்துச் சுவரில் தமிழ்ச் செபத்தைத் தேடி அத்தனை பேரும் நின்று வாசித்தோம். கலிலேயக் கடலில் (பெயர்தான் கடல், ஏரிதான்) படகுக்காரர் நம் கொடியை ஏற்றி ஜனகணமன போட்டார். கரையில் 'பேதுரு மீன்' என்று பொரித்து வைத்தார்கள், பார்த்தால் நம்ம ஜிலேபி மீன் வகை.

இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றில்தான் எனக்குச் சுவாரசியம். எரிகோ பக்கம், கஸ்ர் அல் யஹூத் என்ற இடம். மறுகரை ஜோர்டான் நாடு, பேசினால் கேட்கும் தூரம், கலங்கல் தண்ணீர். பெந்தெகொஸ்தே ஆட்கள் வெள்ளை அங்கியோடு இறங்க, நாங்கள் கரையில் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பித்தோம். எங்கள் ஊர் மிராசுதாரர் ஒருவர், தினம் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தை முதலில் பார்க்கிறவர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இதுல எத்தனை கன அடி போவும்னு கேளு தம்பி."

வழிகாட்டி கணக்குச் சொல்லவில்லை, காரணம் சொன்னார். யோர்தான் வெளியேறும் கலிலேயக் கடலின் தென்முனையில் தெகானியா அணை இருக்கிறது. இஸ்ரேல் 1964 முதல் அந்த ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுபோகிறது. யோர்தானில் சேரும் யார்முக் ஆற்றைச் சிரியாவும் ஜோர்டானும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம்தான் இங்கே வருகிறது, அதனால் ஆறு போய்ச் சேரும் சாக்கடல் வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே போகிறது.

"அட, இங்கேயும் கடைமடைக்குத் தண்ணி வராதா?" என்றார் பெரியவர். சாக்கடலில் எல்லோரும் மிதந்தபோதும் அவர் கரையில் நின்று இறங்கிப்போன கோட்டைத்தான் பார்த்தார்.

எருசலேமில் தங்கல் என்று சொல்லியிருந்தார்கள், கொண்டுபோய் விட்டது பாலஸ்தீனப் பகுதியில் உள்ள பெத்லகேமில். தினமும் சோதனைச் சாவடி. ஆனால் அதில் எனக்குக் குறையில்லை, அங்கே விடுதியும் ஒலிவ மரச் சிற்பக் கடையும் நடத்தும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கு நம் காசு போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டாயம். எகிப்தில் 2,285 மீட்டர் சீனாய் மலைக்கு நடுராத்திரி ஏற வேண்டும், பெரியவர்களை விடுதியிலேயே தூங்கவிட்டோம்.

திரும்பியதும் தமிழ்நாடு அரசு மானியம். 2011இல் 20,000 ரூபாயோடு தொடங்கிய திட்டம், நாங்கள் போனபோது 550 பேருக்குத் தலா 37,000, அருட்சகோதரிகள் 50 பேருக்குத் தலா 60,000. எல்லா சபையினரும் விண்ணப்பிக்கலாம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் படிவம் வாங்கி, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களோடு சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள சிறுபான்மையினர் நல ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அம்மாவுக்கு வந்தது. அதை மகளிர் குழுக் கடனுக்குக் கட்டிவிட்டு, "அடுத்த தடவை ரோமாபுரிக்கு மானியம் உண்டாடா?" என்று கேட்டார்.

2023 அக்டோபரில் இஸ்ரேல்-காஸா போர் வந்து, பின்னால் திட்டமிட்டிருந்த குழுக்கள் எல்லாம் நின்றுபோயின. இந்தியர்களுக்கு இஸ்ரேல் 2025 ஜனவரியிலிருந்து இ-விசா கொடுக்கிறது, அந்த வேலை மட்டும் குறைந்திருக்கிறது. முன்பணம் கட்டும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் பாருங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் வேலைக்கு அமைதி திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பெரியவர்களுக்கு எடுத்தால் பத்து வருடம் செல்லும்.