நோ கேப் என்றால் டாக்சி இல்லை என்று அர்த்தமில்லை

போன சனிக்கிழமை அண்ணன் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. "அத்தை, தேக்கால பிரியாணி வேற லெவல், நோ கேப், சீக்கிரம் வாங்க." வெளியே அடைமழை. மழைக்கு டாக்சி கிடைக்காது, எம்ஆர்டி ரயிலில் வந்துவிடுங்கள் என்கிறாள் போல என்று நினைத்துக் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். முழங்கால்வரை நனைந்துபோய்ச் சேர்ந்தால், "டாக்சில வந்திருக்கலாமே அத்தை" என்கிறாள்.

என் காதை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம சிங்கப்பூர் ஆங்கிலத்தில் தொப்பி, டாக்சி இரண்டுக்கும் வாயிலிருந்து வருவது ஒரே 'கேப்'தான். தமிழில் எழுதினால் இன்னும் மோசம், "கேப் விடாமல் பேசாதே" என்கிறோமே, அந்த கேப்பும் வந்து சேர்ந்துகொள்ளும். அலுவலக மின்னஞ்சலில் நோ கேப் என்று வந்தால் உச்சவரம்பு இல்லை என்று அர்த்தம், அது பழைய ஆங்கிலம், விடுங்கள்.

உயர்நிலை 2 படிக்கும் இவள் சொன்னது தொப்பி கேப். கேப் என்றால் புளுகு, நோ கேப் என்றால் சத்தியமா, புளுகு இல்லை. "தட்ஸ் கேப்" என்றால் அது பொய், "ஸ்டாப் கேப்பிங்" என்றால் அளக்காதே, ரீல் விடாதே. எழுதக்கூட வேண்டாம், ஒரு நீலத் தொப்பி எமோஜியைப் போட்டால் போதும், நீ சொல்வதை நம்பவில்லை என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். நாங்கள் படித்த காலத்தில் இதற்கெல்லாம் ஒரே "டோன்ட் பிளஃப் லா"தான்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேச்சில் பெருமையடிப்பது, மிஞ்சிக் காட்டுவது என்ற பொருளில் இந்த கேப் வெகு நாளாகவே உண்டு. 2017 வாக்கில் அட்லாண்டா ராப் பாடகர்கள் நோ கேப்பைப் பரப்ப, அப்புறம் டிக்டாக் அதை ஈசூன் வீவக அடுக்குமாடி வீடுவரை கொண்டுவந்துவிட்டது. பல்லில் மாட்டும் தங்க உறையிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை சொல்கிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நோ கேப் போட்டால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது, எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணுகிற ஆளை யார் நம்புவார்கள்?

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஏமாற்றுவதை நாமும் குல்லா போடுவது என்றுதானே சொல்கிறோம்! அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனாலும் அவளிடம் சொன்னேன். "தட்ஸ் கேப், அத்தை" என்று சொல்லிவிட்டு, சரிபார்க்க அங்கேயே பாட்டிக்கு போன் போட்டாள். "குல்லாவா? உங்க தாத்தாவுக்கே ஒருத்தன் சீட்டுப் பணத்துல குல்லா போட்டுட்டுப் போனானே" என்று அம்மா ஆரம்பித்து, அரைமணி நேரம் ஆகியும் அவன் ஊரைவிட்டு ஓடின இடத்துக்கே கதை வரவில்லை. பிரியாணி ஆறிப்போனது.