ஃப்ரீவீல் மூடிக்குக் காப்புரிமை வாங்கியது எப்படி: ஒரு சைக்கிள் பட்டறைக்காரனின் அனுபவம்

சைக்கிள் ஃப்ரீவீலுக்கு நானும் என் அக்கா மகளும் சேர்ந்து செய்த ஒரு மூடிக்கு இந்தியக் காப்புரிமை கிடைத்துவிட்டது. விஷயம் தெரிந்ததிலிருந்து திங்கள்சந்தையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: எவ்வளவு ஆச்சு, யாரைப் பிடிச்சீங்க? யாரையும் பிடிக்கவில்லை, ஏஜென்ட்கூட வைக்கவில்லை. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிற சட்டப் பேச்சு எதுவும் புரியாது. ஃப்ரீவீல் என்பது பின்வீலில் செயின் மாட்டுகிற பல்சக்கரம். அதற்குள் இரண்டு வளையம். உள்வளையம் ஹப்பில் (வீலின் நடுக்குடத்தில்) திருகி நிற்கும், வெளிவளையத்தில் செயின் ஓடும் பல். இரண்டுக்கும் நடுவே 1/8 இஞ்ச் பால்ரஸ் (சின்ன எஃகு உருண்டைகள்), அப்புறம் ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள். சவிட்டும்போது, அதாவது பெடலை மிதிக்கும்போது, நாக்கு பல்லில் மாட்டி வீலை இழுக்கும், சவிட்டாமல் விட்டால் டிக்டிக் என்று வழுக்கிக்கொண்டு போகும். குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கத்து வண்டிகளில் முதலில் சாவது இந்த நாக்கு ஸ்பிரிங்தான். உப்புக்காற்றும் மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரும் பொடிமணலும் வளையங்களுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஸ்பிரிங் துருப்பிடித்தால் நாக்கு எழும்பாது, எவ்வளவு சவிட்டினாலும் பெடல் சும்மா சுற்றும். மீன்காரர்களில் பாதிப்பேர் மொபெட்டுக்குப் போய்விட்டார்கள், சரிதான். ஆனால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற இலவச சைக்கிள் ஒவ்வொரு கடலோர வீட்டிலும் நிற்கிறதே.

எல்லாரும் செய்வது, மேலே கொஞ்சம் எண்ணெய் விடுவது. அது உள்ளே போவதற்குள் வழிந்துவிடும். நான் முன்பக்கத்து லாக் கோனை (ஃப்ரீவீலின் முகப்பில் திருகி உள்ளே இருப்பதைப் பிடித்து நிற்கும் வளையம், இடப்பக்க மரை உள்ளது, திருப்புளி வைத்துத் தட்டித் தட்டிக் காது போயிருக்குமே, அதுதான்) புதிதாகக் கடைந்து, அதில் ஒரு துளையும் ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையமும் வைத்தேன். இதுதான் அந்த மூடி. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் அந்தத் துளை வழியாகக் கிரீஸை அழுத்தினால் அது பால்ரஸ், நாக்கு எல்லாவற்றையும் தாண்டிப் பழைய அழுக்கைப் பின்பக்க இடுக்கு வழியாக வெளியே தள்ளும். பின்பக்கத்தில் வெளிநோக்கி மடிந்த ஒரு ரப்பர் உதடு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் திறக்கும், வெளியிலிருந்து தண்ணீர் வந்தால் மூடிக்கொள்ளும்.

எல்லாம் சரி, ஓட்டிப் பார்த்தால் சவிட்டாமல் உருளும்போது மேல் செயின் தொய்ந்து தொங்கியது. ஓ-ரிங் இறுக்கிப் பிடிப்பதால் வீல் சுற்றும்போது பல்வளையத்தையும் சேர்த்து முன்னே இழுக்கிறது, அது மேல் செயினை முன்னால் தள்ளுகிறது. இதற்கு வழி சொன்னது மெக்கானிக்கல் படித்த என் அக்கா மகள். "மாமா, முன்னாடியும் உதடே வைப்போம், ஆனா உள்நோக்கி மடக்கி வைப்போம். கிரீஸ் அழுத்தும்போது மட்டும் அது இறுகட்டும், மத்த நேரம் தொட்டும் தொடாம இருக்கட்டும்" என்றாள். இரண்டு உதடு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. செயின் தொய்வு போய்விட்டது. அதனால்தான் விண்ணப்பத்தில் அவள் பெயரையும் போட்டேன், ஆள் படித்த பிள்ளை என்பதற்காக அல்ல.

இனி காப்புரிமைக் கதை. வெளியே யாரிடமும் காட்டுவதற்கு முன்னால் விண்ணப்பம் போட வேண்டும் என்பதுதான் முதல் விஷயம். பொது இடத்தில் பயன்படுத்தியோ விற்றோ விட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். பட்டறையில் நாலு பேர் எட்டிப் பார்க்கும் இடத்தில் இதைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை, சோதனையெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் செய்தோம். அதே காரணத்துக்காகத்தான் முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட எழுத்து) விண்ணப்பித்தோம். தனிநபருக்கு ஆன்லைனில் 1600 ரூபாய். அன்றைய தேதி நமக்கு உறுதியாகிவிடும், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும். இந்த இடைவெளியில்தான் தைரியமாகக் கடலோர வண்டிகளில் மாட்டி விட்டோம்.

அந்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில்தான் ரப்பர் விஷயமும் தெளிந்தது. குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டமாக இருக்கும்போது உதட்டை நம்ம ஊர் ரப்பரிலேயே செய்யலாமே என்று ஆசைதான். ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும், உதடு தடித்துப் பிடிக்க ஆரம்பித்துவிடும். எண்ணெய் தாங்குகிற நைட்ரைல் ரப்பருக்கு மாறினோம். அதை முழு விவரக்குறிப்பில் சேர்த்தோம். ஒன்று கவனியுங்கள், தற்காலிகக் குறிப்பில் இல்லாமல் பிறகு சேர்ப்பதற்குப் பழைய தேதி கிடைக்காது, சேர்த்த தேதிதான். அதனால் முக்கியமான வேலைப்பாடு, எங்களுக்கு அந்த எதிர்த்திசை உதடுகள், முதல் காகிதத்திலேயே இருக்க வேண்டும்.

பழைய காப்புரிமைகளைத் தேடுவது இலவசம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலேயே தேடலாம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலும் தேடலாம். சலிக்காமல் தேட வேண்டும். சைக்கிளில் எதை எடுத்தாலும் நூறு வருஷத்துக்கு முன்னால் எவனாவது யோசித்திருப்பான். ஃப்ரீவீலுக்கே 1869-ல் அமெரிக்காவில் வான் ஆண்டன் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். காற்றடைத்த டயருக்கு 1888-ல் காப்புரிமை வாங்கின டன்லப்புக்கு, அதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் 1840-களிலேயே வாங்கியிருந்தது தெரிந்து அது செல்லாமல் போனது. டன்லப்புக்கே அந்த நிலைமை என்றால் திங்கள்சந்தை பட்டறைக்காரன் எம்மாத்திரம். எங்கள் தேடலிலும் கிரீஸ் துளையுள்ள ஃப்ரீவீல் வந்தது, ரப்பர் சீல் உள்ள ஹப் வந்தது. இரண்டு உதடும் எதிரெதிராக நின்று ஒரே ஓட்டத்தை நடத்துவது மட்டும் வரவில்லை. அதைத்தான் உரிமைக்கோரலின், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பத்தியின், மையமாக வைத்தோம்.

எழுதுவது ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான், தமிழில் எடுக்க மாட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அக்கா மகள் எழுதினாள். உரிமைக்கோரல் என்கிற அந்தப் பத்திக்கு மட்டும்தான் சட்டத்தில் வேலி. மற்றப் பக்கங்கள் விளக்கம். 10 கோரல் வரை, 30 பக்கம் வரை கூடுதல் கட்டணம் கிடையாது. நாங்கள் அதற்குள்ளேயே முடித்தோம். படம் கறுப்புக்கோட்டில், ஒவ்வொரு பாகத்துக்கும் எண், படத்துக்குள் விளக்க எழுத்து கூடாது. ஆன்லைனில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், மூன்றாம் வகுப்பு என்று சொல்வார்கள், பென்டிரைவ் மாதிரி ஒன்றில் வரும். ஃபார்ம் 1, 2, 3, 5. இவற்றில் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை, பொறுமையாகப் படித்தால் நிரப்பிவிடலாம். சென்னை கிண்டி அலுவலகம்தான் நமக்கு, ஆனால் நான் ரயிலேறவே இல்லை.

விரைவாக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும், அலுவலகம் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அதற்கும் பிறகு வரிசையில். விண்ணப்பதாரர்கள் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் துரித ஆய்வு கேட்கலாம். ஃபார்ம் 9 போட்டு முன்கூட்டியே வெளியிட 2500, ஃபார்ம் 18ஏ போட்டுத் துரித ஆய்வுக்கு 8000. ஆக அலுவலகத்துக்குக் கட்டியது 12,100 ரூபாய். இதைக் கேட்டதும் ஒரு நண்பர், "அப்போ நம்ம வீட்டுக்காரி பேரையும் சேர்த்துடலாம்லா?" என்றார். விண்ணப்பதாரராகச் சேர வேண்டுமென்றாலும் உரிமை அவருக்கு வந்ததற்குக் காகிதம் வேண்டும், கண்டுபிடிப்பாளர் என்று பொய்யாகப் போட்டால் பின்னால் யாராவது எதிர்க்கும்போது மொத்தமும் ஆட்டம் காணும். செய்யாதீர்கள்.

பிறகு வந்தது முதல் ஆய்வறிக்கை. படித்ததும் வயிறு கலங்கும், கலங்க வேண்டாம், பெரும்பாலும் எல்லாருக்கும் ஆட்சேபம் வரும். பதில் சொல்ல ஆறு மாதம். எங்களுக்கு வந்ததில் கனமானது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(f): தெரிந்த பாகங்களை, தத்தம் வழியில் தனித்தனியாக இயங்குகிறவற்றை, வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பல்ல. கோன் தெரிந்தது, துளை தெரிந்தது, உதட்டு சீல் தெரிந்தது, அப்படியென்றால் உங்களுடையது என்ன? நியாயமான கேள்வி. பட்டறைக்காரன் செய்கிற முன்னேற்றங்களில் பாதி இந்தக் கேள்வியில்தான் விழும், அது பிழையும் இல்லை.

பதில் முழுக்க 'தனித்தனியாக' என்ற இடத்திலேயே நின்று எழுதினோம். முன் உதட்டை எடுத்துவிட்டால் கிரீஸ் துளைப் பக்கமே வழிந்துவிடும், நாக்குக்குப் போகாது, பின் உதடு திறக்க அழுத்தமும் இருக்காது. பின் உதட்டை எடுத்துவிட்டால் தள்ளிய வழியிலேயே உப்புத்தண்ணீர் திரும்பி வரும். முன் உதட்டைத் திருப்பி வைத்தால் அழுத்தத்தில் திறந்துவிடும், ஓ-ரிங் போட்டால் செயின் தொய்யும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது வேலை செய்யாது. இதைச் சொல்வதோடு நிறுத்தாமல், மழைக்காலம் ஓடிய ஃப்ரீவீல்களை, மூடி போட்டதையும் போடாததையும், பிரித்துப் படமெடுத்து வைத்தோம். கோரலையும் குறுக்கினோம்: 'சீல் உறுப்பு' என்று அகலமாக எழுதியிருந்ததை எதிர்த்திசை உதடுகள் என்று திட்டமாக மாற்றினோம். குறுக்கலாம், தெளிவாக்கலாம், முதலில் எழுதாததைப் புதிதாக நுழைக்க முடியாது.

விசாரணை வீடியோவில். பட்டறைத் தகரக்கூரையில் மழை கொட்டிய நாள் அது, மைக்கை மூடி மூடிப் பேசினோம். ஆய்வாளர் அந்தச் செயின் தொய்வைப் பற்றித்தான் அதிகம் கேட்டார், ஓ-ரிங்குக்கும் உதட்டுக்கும் வித்தியாசம் என்ன என்று. அக்கா மகள் பேச ஆரம்பித்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ விளக்கம் கொடுக்க வேண்டும், கொடுத்தோம். பிறகு சான்றிதழ் தளத்திலேயே வந்தது, இறக்கிக்கொண்டோம்.

இதனால் நாளைக்கே பணம் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருஷம், அதுவும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால். தனிநபருக்கு 3-ம் வருஷத்திலிருந்து 6-ம் வருஷம் வரை ஆண்டுக்கு 800, போகப்போக ஏறி 16-ம் வருஷத்திலிருந்து 8000. பொருளைச் செய்கிறோமா இல்லையா என்று ஃபார்ம் 27-ல் சொல்ல வேண்டும். எவனாவது காப்பியடித்தால் அரசு வந்து பிடிக்காது, நாமே மாவட்ட நீதிமன்றத்துக்கோ மேலேயோ போக வேண்டும்.

லேத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தால் மூடி ஒன்றின் விலை புது ஃப்ரீவீல் விலையைத் தொட்டுவிடுகிறது, ஆகவே நாங்களே செய்து விற்பது நடக்காது. லூதியானாவில் ஃப்ரீவீல் செய்கிற ஒரு இடத்தோடு உரிமம் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்கிறார்கள், அக்கா மகள் ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று கேட்கச் சொல்கிறாள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், ஃபார்ம் 16-ல் பதியவும் வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமம் கொடுத்தால் சட்டத்தில் அது செல்லாது.