எழும்பூர் ரெக்கார்ட் ஆபீசும் நூத்தம்பது ரூபா ஆட்டோவும்

நேத்து நடந்தது, இன்னும் வயிறு எரியுது. நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து எழும்பூர்ல இறங்கி "தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போகணும்ணே"ன்னேன். ஆட்டோக்காரர் எரநூறுன்னார், பேசிப் பேசி நூத்தம்பதுக்கு கொண்டாந்து பெருசா சாதிச்ச மாதிரி ஏறி உக்காந்தேன், ஒரு சுத்து சுத்தி இறக்கிவிட்டுட்டார். பாத்தா ஸ்டேஷன் இருக்கற அதே காந்தி இர்வின் ரோடு! ரெண்டு வேளை சாப்பாட்டு காசு போச்சு.

பிஎச்டி பண்ற ஃப்ரெண்டு எனக்கும் சேத்து அனுமதி வாங்கி வச்சிருந்தான், இல்லன்னா நாம எங்க இங்கெல்லாம். செக்கச்செவேல்னு செங்கல் கட்டடம், 1909-ல கட்டினது. அதுக்கு முன்னாடி பேப்பர் எல்லாமே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளதான். 1805-ல கவர்னர் பென்டிங்க், தலைமைச் செயலக பேப்பரையெல்லாம் ஒரே இடத்துல சேக்கச் சொல்லி முத்தையான்னு நம்மாள் ஒருத்தரை ரெக்கார்ட் கீப்பரா போட்டாராம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1670-கள்ல எழுதின டைரி, கொச்சில இருந்து வந்த டச்சுக்காரன் பேப்பர்னு உள்ள அவ்ளோ கிடக்கு.

ஆனா எனக்கு தலை சுத்தினது வேற விஷயத்துல. முந்நூறு வருஷ பேப்பர் கெட்டியா நிக்குமாம், நூறு வருஷத்து பேப்பர் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குமாம்! பழசு கந்தல் துணில செஞ்சது, பின்னாடி வந்தது மரக்கூழ், அதுல இருக்கற அமிலமே அதை தின்னுடுது. போதாக்குறைக்கு அந்தக் கால மை வேற, கடுக்காய் மாதிரி துவர்ப்புச் சரக்கையும் இரும்பு உப்பையும் கலந்து செஞ்சது, எழுத்து இருக்கற இடத்துலயே பேப்பர் ஓட்டையாகும். அதுக்கு மெல்லிசான டிஷ்யூ பேப்பரை மேல ஒட்டி ஒட்டி காப்பாத்தறாங்க, ஒவ்வொரு தாளா. எனக்கெல்லாம் மொபைலுக்கு ஸ்க்ரீன்கார்டு ஒட்டவே பொறுமை கிடையாது.

இன்னொண்ணு, லண்டனுக்கு போற லெட்டரை கம்பெனிக்காரன் ஒரே கப்பல்ல அனுப்பமாட்டானாம், காப்பி எடுத்து வேற வேற கப்பல்ல அனுப்புவான், ஒண்ணு முழுகினாலும் இன்னொண்ணு போய் சேரும். நம்ம மேல பாசத்துலயா எழுதி வச்சான்? முதலாளிக்கு கணக்கு காட்டணும், வரி வசூலிக்கணும், அவ்ளோதான். எப்படியோ நமக்கு மிச்சமாச்சு.

மத்தியானம் பக்கத்து சந்துல ஒரு மெஸ்ல எண்பது ரூபா சாப்பாடு, வத்தக்குழம்பு பிரமாதம், ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். திரும்ப ஸ்டேஷனுக்கு பொடிநடை. வாசல்ல அதே அண்ணன், "சார், ரெக்கார்ட் ஆபீஸா?"ங்கறார் வேற ஒருத்தர்கிட்ட.