வாடகை அக்ரிமென்ட்ட ரெண்ட் அதாரிட்டில பதிஞ்ச கதை

பெரம்பூர்ல வீடு பிடிச்சுப்போய் பேசி முடிக்கற நேரத்துல ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார். சென்னைல இது புதுசா என்ன. "சார், சட்டத்துல மூணு மாசம்னுதானே இருக்கு"ன்னு கேட்டேன், "அதெல்லாம் டெல்லிக்காரன் சட்டம் தம்பி, இங்க செல்லாது"ன்னுட்டார்.

அவர் சொன்னது முழுசா தப்பும் இல்ல. வீட்டு ஓனர், குடித்தனக்காரர் விவகாரம் மாநிலப் பட்டியல்ல வர்றதால டெல்லி என்ன பண்ணுதுன்னா, மாதிரி சட்டம்னு ஒண்ணு எழுதி இதைப் பாத்து உங்க ஊருக்குப் போட்டுக்கோங்கன்னு மாநிலங்களுக்கு அனுப்பிடுது. அந்த மாதிரிச் சட்டத்துக்கு 2015ல வந்த வரைவ ஒட்டித்தான் நம்ம சட்டசபை 2017ல புது வாடகைச் சட்டம் போட்டுச்சு, 2019 பிப்ரவரி 22ல அமலுக்கு வந்து 1960 சட்டத்தை தூக்கிடுச்சு. ஆனா மத்திய அமைச்சரவை மாதிரிச் சட்டத்துக்கு ஓகே சொன்னதே 2021 ஜூன்லதான். அதுல அட்வான்ஸ் வீட்டுக்கு ரெண்டு மாசம், கடைகண்ணிக்கு ஆறு மாசம். நம்மகிட்ட இன்னும் மூணுதான். முதல் பெஞ்ச் பையன் கணக்கை அழிச்சு எழுதுனது தெரியாம பின் பெஞ்ச்ல காப்பி அடிச்ச மாதிரி!

வக்கீல் நண்பன்கிட்ட கேட்டா இன்னொரு குண்டைப் போட்டான். நம்ம சட்டத்துல அந்த மூணு மாசமே "ஒப்பந்தத்துல வேற மாதிரி இல்லாட்டி"ன்னுதான் இருக்காம், நீயே அக்ரிமென்ட்ல பத்து மாசத்துக்கு கையெழுத்து போட்டுட்டா அப்புறம் யாருகிட்ட போய் கேப்பேன்னான். சரின்னு பேரம் பேசி அஞ்சு மாசத்துக்கு இறக்கி, காலி பண்ண ஒரு மாசத்துல அட்வான்ஸ் திரும்ப வரணும்னு சட்டத்துல இருக்கறத அப்படியே அக்ரிமென்ட்ல எழுத வச்சேன். ரெண்ட் அதாரிட்டில, அதாவது இந்தச் சட்டப்படி வாடகை அக்ரிமென்ட்ட பதியற அரசு அதிகாரிகிட்ட, பதியணும்னதும் ஓனருக்கு முகம் மாறிடுச்சு, பதினொரு மாச அக்ரிமென்ட்ட எதுக்குப்பா பதியணும்னார். பத்திரப்பதிவு ஆபீஸ்ல ஒரு வருஷத்துக்குக் கீழ பதிய வேணாம்ங்கறது வேற, இது வேற, இதுல பதினொரு மாசமா இருந்தாலும் பதியணும்னு புரிய வைக்கவே ஒரு காபி ஆச்சு.

போர்ட்டல்ல ஃபார்ம் நிரப்பறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. அக்ரிமென்ட் ஸ்கேன், ரெண்டு பேர் அடையாள அட்டை, வீட்டு விவரம், அவ்ளோதான். ஆனா எங்க அப்ளிகேஷன் திரும்பி வந்துச்சு, ஆதார்ல ஓனர் இனிஷியல் பின்னாடி இருக்கு, அக்ரிமென்ட்ல முன்னாடி இருக்காம். மறுபடி டைப் அடிச்சு, மறுபடி கையெழுத்து வாங்கி ஏத்தினோம், அப்புறம் பதிவு எண் வந்துடுச்சு. நீங்க பதியப்போறீங்கன்னா ஆதார்ல இருக்கற பேரையே எழுத்து மாறாம அடிங்க.

இப்போ ஓனரே குஷியாகி கீழ் போர்ஷனுக்கும் போட்டுக்குடுப்பான்னு கேக்கறார். அங்க இருக்கற அம்மா ரொம்ப வருஷமா இருக்கற பழைய குடித்தனம், எல்லாம் வாய்வார்த்தைதான், பேப்பர்ல ஏறினா வாடகையும் ஏறும்னு அந்தம்மா பயப்படறாங்க. பயத்துலயும் நியாயம் இருக்கு, பழைய சட்டத்துல நியாய வாடகை நிர்ணயம்னு ஒண்ணு இருந்துச்சு, இப்போ பேசி ஒத்துக்கிட்டதுதான் வாடகை. ஆனா அக்ரிமென்ட் போடாததையே காரணமா காட்டி காலி பண்ணச் சொல்லி ஓனர் ரெண்ட் கோர்ட்டுக்குப் போக இதே சட்டத்துல வழி இருக்கு, அதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.