பால் புரோட்டீனுக்குள்ள ஒரு பை இருக்கு

வைட்டமின் ஏ, டி, இ, கே நாலும் கொழுப்புல கரையுற ஜாதி, அதனால ஆடையை எடுத்தா அதோடயே போயிடும், மிச்சம் நிக்கிற தண்ணில அதுங்களுக்கு வேலையே இல்லன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். முக்கால்வாசி அது சரிதான். ஆனா பால் திரிஞ்சா கட்டி ஒரு பக்கம் ஒதுங்கி மஞ்சப்பச்சையா ஒரு தண்ணி தெளிஞ்சு நிக்கும்ல (அந்தக் கலருக்குக் காரணம் வைட்டமின் பி2, அது வேற கதை), அதுல இருக்கிற ஒரு புரோட்டீனோட வடிவத்தைப் பாத்ததும் கொஞ்சம் அசந்துட்டேன்.

பேரு பீட்டா லாக்டோகுளோபுலின். பசும்பால்ல லிட்டருக்கு சுமார் 3 கிராம், அந்தத் தண்ணில இருக்கிற புரோட்டீன்ல பாதி இதுதான். 162 அமினோ அமிலம் சேந்த சங்கிலி, அது 8 பட்டையா மடிஞ்சு வளைஞ்சு ஒரு பீப்பா மாதிரி நிக்குது, ஒரு பக்கம் வாய் திறந்து, உள்ள குழியா. வெளிப்பக்கம் தண்ணியோட ஒத்துப்போகும், குழியோட உள்சுவரு பூரா தண்ணி பிடிக்காத அமினோ அமிலங்க. எண்ணெய்ப் பசை உள்ள எதுக்கும் இத விட வசதியான இடம் கிடைக்காது.

பால்மிடிக் அமிலம்னு ஒரு கொழுப்பு அமிலத்த எடுத்துக்கோங்க. 16 கார்பன் நீளத்துக்கு ஒரு வாலு, நுனில ஒரு அமிலத் தலை. வாலு குழிக்குள்ள இறங்கிடும், தலை மட்டும் வாய்கிட்ட நிக்கும், அங்க காவலுக்கு நிக்கிற மாதிரி லைசின்ங்கற அமினோ அமிலம் ரெண்டு இருக்கு, அதுங்களோட பாசிட்டிவ் சார்ஜ் தலையோட நெகட்டிவ் சார்ஜைப் பிடிச்சு வச்சுக்கும். ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, அதோட வளையம் இருக்கிற பக்கம் முதல்ல உள்ள போகும். வைட்டமின் டி-யும் இங்க வந்து உக்காரும். ஒரு புரோட்டீனுக்கு இந்தக் குழில ஒரு ஆள்தான், கூட்டமா ஏற முடியாது.

இது நிஜமாவே ஒட்டிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கங்கறது எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம். புரோட்டீன்ல டிரிப்டோபான்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, புற ஊதா ஒளி அடிச்சா அது தானா ஒளிரும், அந்தக் கரைசல்ல ரெட்டினாலக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வந்தா, குழிக்குள்ள போய் உக்காந்த ரெட்டினால் அந்த வெளிச்சத்த வாங்கிக்கும், டிரிப்டோபானோட ஒளி மங்கிக்கிட்டே வரும், ரெட்டினாலோ தண்ணில சும்மா இருந்தத விட இப்ப பளிச்சுன்னு ஆகும். இடமெல்லாம் ஃபுல் ஆனதும் மங்குறது நின்னுடும். ஒளி மங்குறத வரைபடமாப் போட்டா வர்ற கோட்ட வச்சே எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்குன்னு கணக்குப் போட்டுடலாம்.

குழிக்கு ஒரு மூடியும் இருக்கு. பிஹெச் (ஆசிட் அளவு, எண் குறைஞ்சா ஆசிட் ஜாஸ்தி) 7-ஐத் தாண்டுற வாக்குல திறக்கும், ஆசிட் ஆனா மூடிக்கும். உடனே "ஆகா, வயித்துல பூட்டி வச்சு குடல்ல திறந்து விடுது, என்ன டிசைன்!"னு எழுதிடறாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். இந்தப் புரோட்டீன் மடிஞ்ச நிலைல வயித்துல புரோட்டீனைச் செரிக்க வைக்கிற பெப்சினுக்கு லேசுல மசியாதுங்கறது உண்மை. ஆனா ஆசிட் ஏற ஏற பால்மிடிக் அமிலத்தோட பிடி தளந்து அது வெளிய வந்துடுதுன்னு சோதனைல பாத்திருக்காங்க. அந்தப் பூட்டுக் கதை அவ்வளவு சுளுவா பொருந்தல.

கேசீன் வேற மாதிரி. பசும்பால் புரோட்டீன்ல சுமார் 80 சதவீதம் அதுதான், ஆனா அதுக்கு இப்படிக் கச்சிதமான குழி எல்லாம் கிடையாது, தண்ணி பிடிக்காத பகுதிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து உருண்டையா நிக்கும், அந்த இடுக்குல வைட்டமின் டி மாதிரி ஆளுங்க சொருகிக்குவாங்க. கொழுப்பில்லாத பானத்துல வைட்டமின் டி கலக்க இத ஒரு வழியா ஆராய்ச்சி பண்றாங்க.

காய்ச்சினா என்ன ஆகும்? 70 டிகிரிக்கு மேல போகப் போக பீட்டா லாக்டோகுளோபுலின் அவிழ ஆரம்பிக்கும், உள்ள ஒளிஞ்சிருந்த கந்தகப் பகுதி வெளிய வரும் (காய்ச்சின பாலோட அந்த வாசனைக்கு இதுவும் ஒரு காரணம்), குழியோட வடிவம் கலைஞ்சு பிடிமானம் குறையும். அதுக்காக வைட்டமின் எல்லாம் போச்சுன்னு பயப்பட வேண்டாம், முழுப்பால்ல வைட்டமின் ஏ பெரும்பாலும் கொழுப்பு உருண்டைக்குள்ளதான் இருக்கு. மாட்டுப்பால்லேந்து பிரிச்சு எடுத்த இந்தப் புரோட்டீனோட குழில கூட அதிகமா இருந்தது பால்மிடிக், ஒலியிக் மாதிரி கொழுப்பு அமிலங்கதான்.

அப்ப இந்தக் குழி எதுக்குத்தான் இருக்கு? அதுல இன்னும் ஒத்த கருத்து இல்ல. கன்னுக்குட்டிக்கு வைட்டமின் கொண்டு போகன்னு ஒரு கட்சி, கொழுப்பு செரிக்கும்போது சேர்ற அமிலங்கள அப்புறப்படுத்தன்னு ஒரு கட்சி, குழிக்குன்னு தனி வேலை இல்ல, புரோட்டீன் சும்மா கன்னுக்குட்டிக்கு அமினோ அமிலம் கொடுக்கத்தான்னு இன்னொண்ணு. எனக்கு மூணாவதுதான் நியாயமாப் படுது, ஏன்னா தாய்ப்பால்ல இந்தப் புரோட்டீனே கிடையாது, ஆனா அதக் குடிக்கிற குழந்தைக்கு வைட்டமின் ஏ போய்ச் சேராமலா இருக்கு. இதோட நெருங்கிய சொந்தக்காரன் ஒண்ணு மனுஷங்ககிட்டயும் இருக்கு, கிளைகோடெலின்னு பேரு. அது பால்ல வராது, கர்ப்பகாலத்துல கருப்பையோட உள்சவ்வுல சுரக்குது.